சீருடையைக் கழற்றிய தளபதி

நான் தில்லிக்கு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. இந்த ஊரின் சாலைப் பெயர்களைப் படித்தே உலக சரித்திரத்தில் பாதியைத் தெரிந்துகொள்ளலாம் என்று அலுவலக நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வேன். எகிப்தின் நாசர் பெயரில் ஒரு மார்க், யுகோஸ்லாவியாவின் டிட்டோ பெயரில் ஒரு மார்க், தென்னமெரிக்காவின் சிமோன் பொலிவார் பெயரில் ஒரு மார்க். மூவரும் படைக்கோலத்தில் புரட்சி நடத்தி, பிறகு நாட்டின் தலைமைப் பதவிக்கு வந்தவர்கள். அந்த வரிசையில் நான்காவதாக ஒன்று உண்டு. கமால் அத்தாதுர்க் மார்க்.

சென்ற குளிர்காலத்தில் பேரனை அழைத்துக்கொண்டு அந்த வழியாகப் போனேன். வண்டி சிக்னலில் நின்றது. பலகையைப் பார்த்தவன் துள்ளிக் குதித்தான்.

"தாத்தா! கமல்ஹாசன் பேர்ல டெல்லியில ரோடு இருக்கா?"

"அவர் இல்லடா. இவர் துருக்கிக்காரர். பெரிய படைத்தளபதி. அப்புறம் அந்த நாட்டுக்கே ஜனாதிபதி ஆனார்."

"அப்படின்னா மிலிட்டரி ரூலா?"

பன்னிரண்டு வயதுப் பையன் கேட்ட கேள்விக்கு 'ஆமாம்' என்றும் சொல்ல முடியவில்லை, 'இல்லை' என்றும் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குப் போனதும் என் அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். வெ. சாமிநாத சர்மா எழுதிய 'கமால் அத்தாதுர்க்' அதில் இருந்தது. அப்பாவின் தலைமுறைக்கு அவர் 'கமால் பாட்சா'. ஊர்த் திண்ணைகளில் அந்தப் பெயர் அவ்வளவு பழக்கமாக இருந்த காலம் ஒன்று உண்டு. புத்தகத்தைப் பேரனிடம் நீட்டினேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "நீங்களே படிச்சுச் சொல்லுங்க தாத்தா."

அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்தச் சங்கடத்தைக் கட்டுரையின் கடைசியில் சொல்கிறேன். முதலில் அவன் கேட்ட கேள்விக்கு வருவோம்.

சலோனிகா நகரத்துப் பையன்

முஸ்தபா 1881ஆம் ஆண்டு சலோனிகா என்ற துறைமுக நகரில் பிறந்தார். அன்று அது உதுமானியப் பேரரசைச் சேர்ந்தது. இன்று கிரேக்க நாட்டில் தெசலோனிக்கி என்ற பெயரில் இருக்கிறது. தந்தை அலி ரிஸா சுங்க இலாகாவில் வேலை பார்த்து, பின் மரவியாபாரம் செய்தவர். மகன் சிறுவனாக இருக்கும்போதே இறந்துபோனார். தாய் சுபைதா பிள்ளையை மார்க்கக் கல்வியில் விட விரும்பினார். பிள்ளையோ ராணுவப் பள்ளிக்குப் போனான். அங்கே கணக்கு வாத்தியார் பெயரும் முஸ்தபாதான். இருவருக்கும் வித்தியாசம் தெரியட்டும் என்று அவர் இவனுக்குக் 'கமால்' என்று இன்னொரு பெயர் வைத்தாராம். நிறைவு, முழுமை என்று அதற்குப் பொருள்.

1905ல் இஸ்தான்புல் ராணுவக் கல்லூரிப் படிப்பை முடித்து கேப்டன் ஆனார். சுல்தானுக்கு எதிராகக் கூட்டம் போட்டார் என்று பிடித்து வைத்து, பின் டமாஸ்கஸுக்குத் தூக்கியடித்தார்கள். 1908ல் 'இளம் துருக்கியர்' புரட்சி வந்தது. அதில் இவருக்குப் பெரிய பங்கில்லை. ஆனால் புரட்சி நடத்திய அதிகாரிகளைப் பார்த்து 1909லேயே இவர் சொன்ன ஒரு கருத்தை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அரசியலில் இருக்க விரும்புகிறவர் படையை விட்டு வெளியேற வேண்டும். படையில் இருக்க விரும்புகிறவர் அரசியலை விட்டு விலக வேண்டும். இரண்டும் கலந்தால் படையும் கெடும், அரசியலும் கெடும் என்றார். அன்று யாரும் கேட்கவில்லை.

1912ல் பால்கன் போர் வந்தது. பிறந்த ஊரான சலோனிகா கிரேக்கர் கைக்குப் போயிற்று. தாயும் தங்கையும் அகதிகளாக இஸ்தான்புல் வந்து சேர்ந்தார்கள். பிறந்த ஊர் வேறு நாடாகிவிட்டது. அவர் வளர்ந்த பேரரசு கண்ணெதிரில் துண்டு துண்டாகிக்கொண்டிருந்தது.

கலிப்பொலி

முதல் உலகப் போரில் துருக்கி ஜெர்மனி பக்கம் சேர்ந்தது. 1915 ஏப்ரல் 25 அன்று பிரிட்டிஷ், பிரெஞ்சு, ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் கலிப்பொலி தீபகற்பத்தில் இறங்கின. அங்கிருந்து இஸ்தான்புல்லைப் பிடித்துவிடலாம் என்பது திட்டம். லெப்டினென்ட் கர்னல் முஸ்தபா கமால் அங்கே 19ஆம் டிவிஷனின் தலைவர். மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் தன் படையை மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய் எதிரியைத் தடுத்தார். ஆகஸ்டில் சுனுக் பைர் மேட்டில் நடந்த சண்டையில் ஒரு குண்டுச்சில் அவர் மார்பில் பட்டது. சட்டைப்பையில் இருந்த கடிகாரம் நொறுங்கியது, மனிதர் பிழைத்தார்.

அந்த மலைச்சரிவில் எதிர்ப்பக்கம் நம்மவர்களும் இருந்தார்கள். சீக்கியர்கள், கூர்க்காக்கள், கோவேறு கழுதைகளில் தண்ணீரும் தோட்டாவும் சுமந்த இந்தியப் பிரிவினர் என ஆயிரக்கணக்கானோர் அங்கே போரிட்டார்கள். இந்தியா கேட்டில் ஐஸ்கிரீம் வாங்கித் தின்றபடி சுற்றுகிறோமே, அந்த வளைவின் உச்சியில் பொறித்திருக்கும் போர்முனைப் பெயர்களில் கலிப்பொலியும் ஒன்று. அடுத்தமுறை போகும்போது நிமிர்ந்து பாருங்கள்.

சீருடை போன இரவு

1918ல் துருக்கி தோற்றது. நவம்பரில் நேசநாட்டுக் கப்பல்கள் இஸ்தான்புல் துறைமுகத்தில் நங்கூரம் போட்டன. 1919 மே 15 அன்று கிரேக்கப் படை இஸ்மிரில் இறங்கியது. அதற்கு மறுநாள்தான் கமால் கப்பலேறினார். கிழக்கே அனதோலியாவில் கலகங்களை அடக்கு, படைகளின் ஆயுதங்களைக் களைந்து வாங்கு என்று சுல்தான் அரசு அவரை ராணுவ இன்ஸ்பெக்டராக அனுப்பியது. மே 19 அன்று சம்சுன் துறைமுகத்தில் இறங்கியவர், அனுப்பிய காரியத்துக்கு நேர்மாறான காரியத்தைத் தொடங்கினார். ஊர் ஊராகத் தந்தியடித்து எதிர்ப்பைத் திரட்டினார்.

சுல்தான் அரசு திரும்பி வரச் சொன்னது. அவர் வரவில்லை. ஜூலை 8 இரவு எர்சுரூம் நகரத்துத் தந்தி அலுவலகத்தில் இரு தரப்புக்கும் வாக்குவாதம் முற்றி, அரசு அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அவரும் ராணுவத்திலிருந்தே ராஜினாமா செய்தார். இத்தனை வருடம் சீருடையில் வாழ்ந்தவரிடம் சாதாரண உடுப்புகூட இல்லை, கடன் வாங்கித்தான் போட்டுக்கொண்டார் என்று சொல்வார்கள்.

அந்தப் பகுதியில் பெரிய படை வைத்திருந்தவர் காசிம் கரபெகிர் பாஷா. கமாலைக் கைது செய்யும்படி அவருக்கு உத்தரவு வந்தது. அவர் நேராகக் கமாலிடம் வந்தார். பதவியும் பட்டையும் இல்லாமல் நின்ற அந்த மனிதருக்கு சல்யூட் அடித்து, நானும் என் படையும் உங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கிறோம் என்றார்.

துருக்கிக் குடியரசின் கதையில் மிக முக்கியமான நிமிடம் இதுதான் என்று எனக்குத் தோன்றும். அந்த சல்யூட் தோளில் இருந்த பட்டைக்குக் கிடைத்ததல்ல. இந்தக் கரபெகிரை மறந்துவிடாதீர்கள், பின்னால் மறுபடி வருவார்.

அடுத்த நான்கு ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எர்சுரூமிலும் சிவாஸிலும் மாநாடுகள். 1920 ஏப்ரல் 23 அன்று அங்காராவில் தேசிய சபை கூடியது. போர் நடக்கும்போதே சபையைக் கூட்டி, அந்தச் சபையின் பெயரால் போர் நடத்தினார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. சபையில் அவரைக் கேள்வி கேட்டவர்கள், திட்டியவர்கள் எல்லாம் இருந்தார்கள். சுல்தான் அரசு அவருக்கு மரண தண்டனை விதித்தது. 1920 ஆகஸ்டில் கையெழுத்தான செவ்ர் உடன்படிக்கை துருக்கியைக் கூறுபோட்டது. 1921ல் சக்காரியா ஆற்றங்கரையில் 22 நாள் நடந்த சண்டையில் கிரேக்கப் படை தடுத்து நிறுத்தப்பட்டது. சபை அவருக்கு மார்ஷல் பதவியும் 'காஸி' என்ற பட்டமும் கொடுத்தது. 1922 ஆகஸ்ட் 26ல் தொடங்கிய தாக்குதல் செப்டம்பர் 9ல் இஸ்மிரில் முடிந்தது.

வெற்றிக்குப் பின்னால் இருந்த துயரத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. சில நாட்களில் இஸ்மிர் தீப்பற்றி எரிந்தது. கிரேக்கரும் ஆர்மீனியரும் கடற்கரையில் குவிந்து தவித்தார்கள். 1915 முதல் உதுமானிய அரசு ஆர்மீனியர்களை ஊரோடு பெயர்த்துக் கொன்றொழித்த கொடுமை அதற்கு முந்தியது. அதில் கமாலுக்குப் பொறுப்பில்லை என்றாலும், அவர் அமைத்த நாடு அதைப் பற்றிப் பேசவே மறுத்தது. 1923ல் கிரேக்கமும் துருக்கியும் மக்களையே பரிமாறிக்கொண்டன. போரின்போதே ஓடிப்போனவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 12 லட்சம் கிறிஸ்தவர்கள் அங்கே போனார்கள், 4 லட்சத்துக்கு நெருக்கமான முஸ்லிம்கள் இங்கே வந்தார்கள். தில்லியில் 1947 அகதிகளின் பேரப்பிள்ளைகளோடு அக்கம்பக்கத்தில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வென்ற தளபதி நிறுத்திய இடம்

வென்ற தளபதிகளுக்கு ஒரு வியாதி உண்டு. எங்கே நிறுத்துவது என்று தெரியாது. கமாலுக்குத் தெரிந்தது. அவர் பிறந்த சலோனிகா கிரேக்கத்தில் இருந்தது. அதை மீட்கப் படையெடுக்கவில்லை. பழைய பேரரசின் அரபு நாடுகளுக்கு ஆசைப்படவில்லை. 1923 ஜூலை 24 அன்று லோசானில் உடன்படிக்கை கையெழுத்தானது. அக்டோபர் 29ல் குடியரசு அறிவிக்கப்பட்டது. கமால் முதல் ஜனாதிபதி. பத்து ஆண்டு போவதற்குள் தன்னிடம் தோற்ற கிரேக்கத்தோடேயே நட்பு பாராட்டினார்.

இரண்டாவது காரியம் சீருடை. பதவியேற்றபின் பெரும்பாலும் கோட்டும் டையுமாகத்தான் நடமாடினார். அதைவிட முக்கியம், 1909ல் சொன்னதை 1924ல் செய்துகாட்டியது. சபை உறுப்பினராகவும் படைத்தலைவராகவும் ஒரே நேரத்தில் இருந்த ஜெனரல்கள் இரண்டில் ஒன்றை விட வேண்டும் என்றார். தலைமைத் தளபதி ஃபெவ்ஸி சபை இடத்தை விட்டார். கரபெகிர் படையை விட்டுச் சபைக்குப் போனார்.

ஆக, பேரன் கேட்ட கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. வெளித்தோற்றத்தில் அது மிலிட்டரி ஆட்சி இல்லை. சீருடை போடாத ஜனாதிபதி, சட்டம் இயற்றும் சபை, பாசறைக்குத் திரும்பிய படை.

கிலாபத்தும் நம் நாடும்

இங்கே நம் நாட்டுக் கதை ஒன்று குறுக்கிடுகிறது. 1912 பால்கன் போரிலேயே காயம்பட்ட துருக்கி வீரர்களுக்கு வைத்தியம் செய்ய தில்லி டாக்டர் அன்சாரி தலைமையில் ஒரு மருத்துவக் குழு போயிற்று. தரியாகஞ்ச் அன்சாரி ரோட்டில் புத்தகம் வாங்கப் போகிறோமே, அவர்தான். உலகப் போர் முடிந்ததும், துருக்கி சுல்தான் முஸ்லிம் உலகின் கலீபா, அவர் பதவிக்குப் பங்கம் வரக்கூடாது என்று கிலாபத் இயக்கம் எழுந்தது. அலி சகோதரர்களும் காந்தியடிகளும் முன் நின்றார்கள். சென்னையில் யாகூப் ஹசன் போன்றவர்கள் சிறை சென்றார்கள். இந்திய முஸ்லிம்கள் துருக்கிக்குப் பணம் திரட்டி அனுப்பினார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதிதான் 1924ல் தொடங்கிய 'இஷ்' வங்கிக்கு முதலாயிற்று.

கலீபாவுக்காக இங்கே மக்கள் சிறை போனார்கள். கமாலோ 1922 நவம்பரில் சுல்தான் பதவியை ஒழித்தார். 1924 மார்ச் 3 அன்று கலீபா பதவியையும் ஒழித்தார். அதற்குச் சில மாதம் முன்பு ஆகா கானும் அமீர் அலியும் கலீபாவின் மதிப்பைக் காக்கச் சொல்லி லண்டனிலிருந்து கடிதம் எழுதினார்கள். வெளிநாட்டுத் தலையீடு என்று சொல்ல அது இன்னும் வசதியாகிவிட்டது. இங்கே இயக்கம் அத்தோடு அணைந்தது. பலருக்கு மனம் உடைந்தது, பலர் கமாலை வியக்கவும் செய்தார்கள். சிறையிலிருந்து மகளுக்குக் கடிதம் கடிதமாக உலக சரித்திரம் எழுதிய நேருவும் கமாலைப் பற்றி விரிவாகவே எழுதினார்.

கட்டளையிடும் பழக்கம்

இனி மறுபாதி விடை. உடுப்பைக் கழற்றிவிட்டார், கட்டளையிடும் பழக்கத்தைக் கழற்றவில்லை. பாசறையில் விவாதம் கிடையாது, உத்தரவுதான். நாட்டையும் ஒரு பெரிய பாசறையாகப் பார்த்துவிட்டார் என்றே எனக்குப் படுகிறது.

1924 நவம்பரில் கரபெகிரும் பழைய தோழர்களும் எதிர்க்கட்சி தொடங்கினார்கள். 1925 பிப்ரவரியில் குர்துகள் வாழும் கிழக்கில் ஷேக் சயீத் தலைமையில் கிளர்ச்சி. அடக்குமுறைச் சட்டம் வந்தது, எதிர்க்கட்சி மூடப்பட்டது, பத்திரிகைகள் நின்றன. அந்த ஆண்டு நவம்பரில் ஃபெஸ் தொப்பிக்குத் தடை. மேல்நாட்டுத் தொப்பி போடச் சட்டம். எதிர்த்துக் கலகம் செய்தவர்களில் சிலருக்குத் தூக்கு. ஆம், தொப்பிக்காகத் தூக்கு. 1926ல் கமாலைக் கொல்லச் சதி நடந்ததாகக் கண்டுபிடித்தார்கள். சதியில் இருந்தவர்களோடு, அதற்குச் சம்பந்தம் உண்டா என்று சந்தேகத்துக்கு இடமான பழைய அரசியல்வாதிகளையும் தூக்கிலிட்டார்கள். கூண்டில் நின்றவர்களில் ஒருவர் காசிம் கரபெகிர். ஏழு வருஷத்துக்கு முன் சல்யூட் அடித்த அதே மனிதர். விடுதலையானார், ஆனால் அரசியலிலிருந்து விரட்டப்பட்டார். 1933ல் அவர் எழுதிய விடுதலைப் போர் நினைவுக் குறிப்புகளைப் பறித்து எரித்தார்கள்.

1937, 38ல் கிழக்கே தெர்சிம் மலைப்பகுதியில் நடந்த ராணுவ நடவடிக்கை இன்னும் கொடியது. 2011ல் அப்போதைய பிரதமர் எர்டோவான் அரசு ஆவணங்களைக் காட்டி, பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

இதையெல்லாம் சொல்வதால் அவர் செய்த நன்மை இல்லையென்று ஆகிவிடாது. 1926ல் சுவிட்சர்லாந்துச் சட்டத்தை ஒட்டிய சிவில் சட்டம் வந்தது. பலதார மணம் ஒழிந்தது. விவாகரத்திலும் வாரிசுரிமையிலும் பெண்ணுக்கு இடம் கிடைத்தது. 1934ல் நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. பிரான்ஸ் நாட்டுப் பெண்களுக்கு அது 1944ல்தான் கிடைத்தது. எல்லாமே மேலிருந்து வந்த உத்தரவு. நல்ல உத்தரவும் உத்தரவுதானே என்பதுதான் கேள்வி.

மூன்று மாதத்தில் எழுத்து

இந்தக் கேள்வி வேறெங்கும்விட எழுத்து விஷயத்தில்தான் நன்றாகத் தெரிகிறது. நம் மலரின் வாசகர்களுக்கும் இதுதான் அதிகம் உறைக்கும் என்று நினைக்கிறேன்.

துருக்கி மொழியில் எட்டு உயிரொலிகள். அதை எழுதிவந்த அரபு எழுத்திலோ உயிரொலிகளைப் பிரித்துக் காட்டப் போதிய குறிகள் இல்லை. ஒரே எழுத்து நான்கு உயிரொலிகளுக்கு நிற்கும். இதற்கு அவர்களே ஒரு வேடிக்கை சொல்வார்கள். 'ஒல்து' என்றால் 'ஆனார்'. அதே சொல்லின் முதல் ஒலியைச் சற்று மாற்றிச் சொன்னால் 'இறந்தார்'. பழைய எழுத்தில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுத வேண்டும். பாஷா மந்திரி ஆனாரா, மண்டையைப் போட்டாரா என்று தந்தி வாங்குகிறவர் விழிக்க வேண்டியதுதான்! 1927 கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் பத்தில் ஒருவர் அளவே. எழுத்தின் கடினம் மட்டுமே அதற்குக் காரணமில்லை, பள்ளிக்கூடங்களே குறைவு. ஆனாலும் எழுத்தும் ஒரு காரணம்.

லத்தீன் எழுத்துக்கு மாறலாம் என்று குழு போட்டார். ஐந்து வருடமாவது ஆகும், அதுவரை பத்திரிகைகளில் இரண்டு எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும் என்றது குழு. ஒன்று மூன்று மாதத்தில் நடக்கும், இல்லையென்றால் நடக்கவே நடக்காது என்றாராம் கமால். இரண்டும் இருந்தால் எல்லாரும் பழையதைத்தான் படிப்பார்கள் என்பது அவர் கணக்கு. தளபதியின் கணக்கு.

1928 ஆகஸ்ட் 9 இரவு இஸ்தான்புல் பூங்கா ஒன்றில் விஷயத்தை அறிவித்தார். கரும்பலகையும் சாக்கட்டியுமாக ஊர் ஊராகப் போனார். ஒரு நாட்டின் ஜனாதிபதி தெருவில் நின்று எழுத்து சொல்லிக்கொடுக்கும் அந்தப் புகைப்படங்களைப் பார்த்தால் மனம் நெகிழத்தான் செய்கிறது. நவம்பர் 1ல் சட்டம். டிசம்பரில் பத்திரிகைகள் மாறின. 1929 ஜனவரி முதல் புத்தகங்கள் எல்லாம் 29 எழுத்துள்ள புது அரிச்சுவடியில். பெரியவர்களுக்கு 'மக்கள் பள்ளிகள்' திறந்தார்கள். 1935ல் எழுத்தறிந்தவர் ஐந்தில் ஒருவர் ஆனார்கள்.

இது லாபக் கணக்கு. நஷ்டக் கணக்கும் உண்டு. புது எழுத்தில் வளர்ந்த பிள்ளைக்குத் தாத்தாவின் கடிதம் படிக்கத் தெரியாது. வீட்டுப் பத்திரம் தெரியாது. மசூதி வாசலில் கல்லில் வெட்டியிருப்பது தெரியாது. கொள்ளுப்பாட்டியின் சமாதியில் எழுதியிருக்கும் பெயர்கூடத் தெரியாது. 1932ல் மொழிச் சங்கம் அமைத்து அரபு, பாரசீகச் சொற்களை நீக்கியதில் மொழியும் மாறியது. விளைவு என்ன தெரியுமா? 1927ல் கமாலே ஆறு நாள், மொத்தம் 36 மணி நேரம், தன் போராட்டத்தின் வரலாற்றைக் கட்சி மாநாட்டில் பேசினார். அந்தப் பேச்சை 1960களில் 'இன்றைய துருக்கி'க்கு மாற்றி அச்சிட வேண்டியிருந்தது. தேசத் தந்தை பேசியது தேசத்துப் பிள்ளைகளுக்குப் புரியவில்லை.

தில்லிப் பெயர்ப்பலகைகளில் இந்தி, ஆங்கிலம், பஞ்சாபி, உருது என நான்கு மொழிகள் இருக்குமல்லவா? கமால் அத்தாதுர்க் மார்க் பலகையில் அவர் பெயரை உருதுவிலும் எழுதியிருக்கிறார்கள். அவர் தன் நாட்டில் ஒழித்த எழுத்தின் குடும்பத்தைச் சேர்ந்த எழுத்து அது. அவர் நாட்டிலிருந்து வரும் சுற்றுலாப் பயணிக்கு அந்த வரியைப் படிக்கத் தெரியாது. பழைய தில்லிக் கடைக்காரருக்குத் தெரியும்.

நம் மொழியிலும் எழுத்துச் சீர்திருத்தம் நடந்தது. துருக்கி உட்படப் பல நாடுகளைச் சுற்றிவந்த பெரியார் 1935ல் 'குடி அரசு' இதழில் அதைத் தொடங்கினார். தமிழக அரசு 1978ல்தான் ஏற்றது. இடையில் நாற்பத்துமூன்று ஆண்டுகள். மாறியது சில எழுத்துகளின் வடிவம் மட்டும். பழைய புத்தகத்தைப் படிக்கப் புதுப் பிள்ளைக்கு ஐந்து நிமிடம் சொல்லிக்கொடுத்தால் போதும். மெல்ல வந்த மாற்றத்துக்கும் மூன்று மாதத்தில் வந்த மாற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் அது.

ஒன்பது மணி ஐந்து நிமிடம்

1934ல் எல்லாரும் குடும்பப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தபோது, சபை அவருக்கு 'அத்தாதுர்க்', அதாவது 'துருக்கியரின் தந்தை', என்ற பெயரைக் கொடுத்தது. 1938 நவம்பர் 10 காலை 9.05க்குக் கல்லீரல் நோயால் இறந்தார். வயது 57. இன்றும் ஆண்டுதோறும் அந்த நிமிடத்தில் சங்கு ஊதுகிறது, சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு நிற்கிறார்கள்.

அவருக்குப் பின் வந்த இனோனுவும் தளபதியாக இருந்தவர்தான். 1950 தேர்தலில் தோற்றதும் பேசாமல் பதவியை விட்டு இறங்கினார். கமாலின் அமைப்பு பெற்ற நல்ல மதிப்பெண் அது. ஆனால் 1960லும் 1980லும் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, இரண்டு தடவையும் அத்தாதுர்க்கின் பெயரைச் சொல்லியே பிடித்தது. படையை அரசியலிலிருந்து விலக்கியவரின் பெயரால் படை அரசியலுக்கு வந்தது. பிள்ளைகள் நாம் சொன்னதை விட்டுவிட்டு, நாம் நடந்துகொண்டதைத்தான் கற்றுக்கொள்கிறார்கள் என்பது வீட்டுக்கும் பொருந்தும், நாட்டுக்கும் பொருந்தும்.

எங்கள் டிரங்குப் பெட்டி

பேரனிடம் இதையெல்லாம் பல ஞாயிற்றுக்கிழமைகளில் சொன்னேன். தாத்தா கடிதத்தைப் பேரன் படிக்க முடியாமல் போன கட்டத்தில் அவன் கேட்டான். "அவங்களுக்கு கவர்ன்மென்ட் ஆர்டர் போட்டதால மறந்துபோச்சு. நமக்கு யார் தாத்தா ஆர்டர் போட்டாங்க?"

நான் என்ன பதில் சொல்வேன்? எந்தத் தளபதியும் எங்கள் வீட்டுக்கு உத்தரவு அனுப்பவில்லை. என் மகன் சின்னவனாக இருந்தபோது எனக்கு அலுவலகம், அவனுக்கு டியூஷன். இந்தியும் ஆங்கிலமும் மார்க்குக்கு வேண்டும், தமிழ் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். அந்த 'அப்புறம்' வரவேயில்லை. பெட்டியில் அந்தப் புத்தகத்தோடு, ஊரிலிருந்து அப்பா எனக்கு எழுதிய இன்லண்ட் கடிதங்கள் ஒரு கட்டு இருக்கின்றன. என் காலத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் அவற்றைப் படிக்க ஆள் இல்லை. துருக்கியில் சட்டம் போட்டு மூன்று மாதத்தில் நடந்தது, இங்கே சட்டமே இல்லாமல் ஒரு தலைமுறையில் நடந்துவிட்டது. அவர்களுக்காவது பதிலுக்கு எழுத்தறிவு பெருகியது. நாம் எதைப் பெற்றோம்?

இப்போது ஞாயிறு காலை ஒரு மணி நேரம் இருவரும் உட்காருகிறோம். உத்தரவு கிடையாது, முடிந்தபின் ஜிலேபி உண்டு. இதைப் படிக்கும் பெற்றோர்களும், என்னைப் போன்ற தாத்தா பாட்டிகளும் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள். ஐந்து வருடம் ஆகும் என்று அந்தக் குழு சொன்னதே, அத்தனை காலம் ஆகாது.

போன வாரம் சாமிநாத சர்மாவின் புத்தகத்தை அவனே எடுத்துவந்தான். விரலை வைத்து எழுத்துக் கூட்டியவன் ஓரிடத்தில் நின்றான்.

"இது என்ன தாத்தா, யானைத் தும்பிக்கை மாதிரி?"

"அது பழைய 'னை'. முன்னாடி 'சே' இருக்கு பார். சேர்த்துப் படி."

"சே... னை. சேனை. அப்படின்னா?"

"படைடா," என்றேன். "மேலே படி."